எலுமிச்சம்பழம் நசுங்கியாச்சு... இப்ப பானட்டைத் திறங்க!

நாலு சக்கரத்துக்கும் கீழே நாலு எலுமிச்சம்பழம். பானட் மேலே சந்தனம், குங்குமம். உள்ளே கண்ணாடியில் ஒரு முழம் கதம்பம். பின்னால் ராஜகோபுரம் தெரிகிற மாதிரி ஒரு செல்ஃபி, ‘எங்க வீட்டு முதல் கார்’ என்று ஒரு ஸ்டேட்டஸ். திருவண்ணாமலையில் கார் வாங்கினால் இதெல்லாம் நடந்தே ஆகணும். ஷோரூமிலிருந்து நேராக வந்த வண்டியா, மூணு கை மாறி வந்த வண்டியா என்பதையெல்லாம் எலுமிச்சம்பழம் பார்ப்பதில்லை. நாமதான் பார்க்கணும்.

என் நண்பர் ஒருவர் சென்னையில் ஒரு புரோக்கரிடம் பழைய டீசல் ஹேட்ச்பேக் வாங்கி வந்தார். பூஜை போட்ட மறுநாளே அம்மா, மனைவி, ரெண்டு பிள்ளைகளோடு திருக்கோவிலூர் கிளம்பிட்டார். பாதி வழியில் ஏ.சி-யிலிருந்து சூடான காற்று வந்திருக்கிறது. ‘கேஸ் கம்மியா இருக்கும், வந்து பார்த்துக்கலாம்’ என்று ஓட்டியிருக்கிறார். இன்னும் நாலு கிலோமீட்டர் போனதும் பானட் இடுக்கிலிருந்து வெள்ளையாக ஆவி. மே மாத வெயிலில், ரோட்டோரப் புளியமரத்தடியில் குடும்பமே இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தது. கடைசியில் வந்து பார்த்த மெக்கானிக் சொன்னாராம்: “தம்பி, இதுல கூலன்ட்டே இல்லை. வெறும் குழாய்த் தண்ணிய ஊத்தி வித்திருக்காங்க. ஹெட் கேஸ்கெட் போயிடுச்சு.” வண்டி வாங்கிய விலையில் ஆறில் ஒரு பங்கு, ஒரே ரிப்பேரில் காலி.

“வாங்கும்போது மெக்கானிக்கைக் கூட்டிட்டுப் போகலையா?” என்று கேட்டேன். கூட்டிக்கொண்டுதான் போயிருக்கிறார். மெக்கானிக்கும் பார்த்திருக்கிறார். பிரச்னையே அங்கேதான்.

விற்கிற இடத்தில் நீங்கள் பார்ப்பது, கழுவித் துடைத்து, நீங்கள் வருவதற்கு அரை மணி நேரம் முன்பே ஸ்டார்ட் செய்து சூடாக்கி வைத்த வண்டி. பக்கத்தில் புரோக்கர் நிற்கிறார், ‘இன்னொரு பார்ட்டி அட்வான்ஸோட வர்றாங்க சார்’ என்கிறார். பதினைந்து நிமிஷத்தில் எவ்வளவு பெரிய மெக்கானிக்காலும் பாதிதான் பார்க்க முடியும். மீதிப் பாதியைப் பார்க்கத் தேவையானவை இரண்டு. ஒன்று, ராத்திரி முழுக்க நின்று நன்றாகக் குளிர்ந்த இன்ஜின். இன்னொன்று, அவசரமில்லாத நேரம். இரண்டும் வண்டி உங்கள் வீட்டு வாசலுக்கு வந்த பிறகுதான் கிடைக்கும். ‘அதான் வாங்கியாச்சே, இனிமே பார்த்து என்ன?’ என்று விடாதீங்க. பழைய கார் விற்கும் நிறுவனங்களில் வாங்கியிருந்தால், வாரன்டியோ, சில நாள்களுக்குள் திருப்பிக் கொடுக்கும் வசதியோ பில்லில் எழுதியிருக்கலாம். அந்த நாள் கணக்கு முடிவதற்குள் கண்டுபிடித்தால் செலவு அவர்களுக்கு. முடிந்த பிறகு கண்டுபிடித்தால் உங்களுக்கு. தனிநபரிடம் வாங்கியிருந்தால் செலவு எப்படியும் உங்களுடையதுதான். ஆனால் அது சின்னச் செலவா, பெரிய செலவா என்பது எத்தனை சீக்கிரம் பார்க்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

முதல் ராத்திரி ஒரு அட்டைப்பெட்டி

ஃப்ரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டி வீட்டில் கிடக்கிறதா? அதைப் பிரித்து, இன்ஜினுக்குக் கீழே தரையில் விரித்துவிட்டுப் படுக்கப் போங்கள். காலையில் அட்டையில் என்ன கறை என்று பாருங்கள். கறுப்பாகப் பிசுபிசுப்பாக இருந்தால் இன்ஜின் ஆயில். பச்சை, பிங்க், ஆரஞ்சு என்று நிறமாக, கொஞ்சம் வழவழப்பாக இருந்தால் கூலன்ட். சக்கரத்துக்குப் பக்கத்தில் இளம் மஞ்சளாக, வழுக்குகிற மாதிரி இருந்தால் பிரேக் ஆயிலாக இருக்கலாம்; அப்படியானால் வண்டியை எடுக்கவே எடுக்காதீங்க, மெக்கானிக்கை வீட்டுக்கு வரச் சொல்லுங்க. ஏ.சி. ஓடிய வண்டியிலிருந்து சொட்டும் சுத்தமான தண்ணீரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், அது இயல்பு.

அட்டையைப் பார்த்த கையோடு, ஸ்டார்ட் செய்வதற்கு முன்பே பானட்டைத் திறங்கள். டிப்ஸ்டிக்கை உருவி, துணியில் துடைத்து, மறுபடி முழுக்க உள்ளே விட்டு எடுங்கள். ஆயில் இரண்டு கோட்டுக்கு நடுவில் இருக்க வேண்டும். டீசல் வண்டியில் ஆயில் கறுப்பாக இருப்பது சகஜம், மாற்றிய கொஞ்ச நாளிலேயே கறுத்துவிடும். நிறத்தைவிட, விரலில் தேய்த்தால் மணல் மாதிரி நெருடுகிறதா என்று பாருங்கள். பால் கலந்த காபி நிறத்தில் இருந்தால் ஆயிலோடு தண்ணீர் கலந்திருக்கிறது. ஹெட் கேஸ்கெட் மீது சந்தேகம் வரவேண்டும். ஆயில் ஊற்றும் மூடியின் அடியில் மட்டும் லேசாக வெண்ணெய் மாதிரி படிந்திருந்தால் உடனே பதற வேண்டாம். தேரடி வீதிக்கும் பஸ் ஸ்டாண்டுக்கும் மட்டுமே ஓடுகிற வண்டியில், இன்ஜின் முழுசாகச் சூடாகாததால் ஈரம் தங்கி அப்படிப் படியும். நல்ல லாங் டிரைவ் ஒன்று போய்வந்து மறுபடி பாருங்கள்.

அடுத்து கூலன்ட். இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது மட்டும்தான் மூடியைத் திறக்கணும். சூடாக இருக்கும்போது திறந்தால் கொதிக்கும் தண்ணீர் பீய்ச்சி முகத்திலேயே அடிக்கும். உள்ளே செம்மண் நிறமாக இருந்தால் துரு. நிறமே இல்லாமல் குடிதண்ணீர் மாதிரி இருந்தால், என் நண்பர் கதைதான். கூலன்ட் என்பது சும்மா கலர் தண்ணீர் இல்லை. அது தண்ணீரின் கொதிநிலையை உயர்த்தும், உள்ளே இருக்கும் உலோகம் துருப்பிடிக்காமல் காக்கும். போர்வெல் தண்ணீரை ஊற்றி ஓட்டினால், வீட்டு கீசரில் உப்புப் படிகிற மாதிரி ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களிலும் படியும். அப்புறம் எவ்வளவு நல்ல ஃபேன் இருந்தும் பிரயோஜனமில்லை.

இப்போது சாவியைப் போடுங்கள், ஆனால் ஸ்டார்ட் செய்யாதீங்க. ‘ஆன்’ நிலையில் டேஷ்போர்டைப் பாருங்கள். செக் இன்ஜின், ஏர்பேக், ஏ.பி.எஸ், ஆயில், பேட்டரி என எல்லா விளக்கும் ஒருமுறை எரிய வேண்டும். எரியும் விளக்கைப் பார்த்துத்தான் எல்லோரும் பயப்படுவார்கள். எரிய வேண்டிய நேரத்தில் எரியாத விளக்குதான் ஆபத்து. ஏர்பேக்கில் கோளாறு இருக்கும் வண்டியில், அதை மறைக்க விளக்கையே பிடுங்கி விடுகிற ஆசாமிகள் இருக்கிறார்கள்.

ஸ்டார்ட் செய்யுங்கள். ஒருவரைப் பின்னால் சைலன்சர் பக்கம் நிற்க வையுங்கள். குளிர் காலையில் கொஞ்சம் வெள்ளை ஆவி வந்து ஒரு நிமிஷத்தில் மறைந்தால் சரி. வெள்ளைப் புகை நிற்காமல் வந்தால் கூலன்ட் உள்ளே எரிகிறது. நீலமாக வந்தால் ஆயில் எரிகிறது. டீசலில் கரும்புகை திரண்டு வந்தால் ஏர் ஃபில்டரில் ஆரம்பித்து இன்ஜெக்டர் வரை பார்க்கணும். ஸ்டார்ட் ஆனதும் சில நொடிகள் ‘டக டக’ என்று சங்கிலி உரசும் சத்தம் வந்து அடங்குகிறதா என்றும் காது கொடுத்துக் கேளுங்கள். இந்தச் சத்தம் சூடான இன்ஜினில் கேட்காது. அதனால்தான் விற்கிறவர் முன்கூட்டியே சூடாக்கி வைக்கிறார்.

பெல்ட்டா, செயினா?

இந்த ஒரு கேள்வியைப் பழைய கார் வாங்கிய பத்துப் பேரிடம் கேட்டுப் பாருங்கள். ஒன்பது பேர் முழிப்பார்கள்.

இன்ஜினுக்குள்ளே பிஸ்டன் மேலும் கீழும் போகிறது. அதற்கு ஒத்திசைவாக வால்வுகள் திறந்து மூடுகின்றன. இந்த இரண்டையும் கோத்து வைத்திருப்பது ஒரு டைமிங் பெல்ட் அல்லது டைமிங் செயின். செயின் பொதுவாக நெடுநாள் உழைக்கும், தேயும்போது சத்தம் போட்டு எச்சரிக்கும். பெல்ட் ரப்பர். அது எச்சரிக்காது. ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒருநாள் அறும். பல இன்ஜின்களில், அறுந்த அடுத்த நொடியே பிஸ்டன் மேலே வந்து திறந்திருக்கும் வால்வுகளை இடிக்கும். வால்வு வளையும், சில சமயம் பிஸ்டனும் உடையும். சில ஆயிரத்தில் முடிந்திருக்க வேண்டிய வேலை, இன்ஜினையே பிரிக்கும் வேலையாகிவிடும். பணம் போகட்டும், பைபாஸில் லாரிகளுக்கு நடுவே இன்ஜின் சட்டென்று நின்றால், பவர் ஸ்டியரிங் கனத்துப் போகும், பிரேக் இரண்டு மிதிக்குப் பிறகு கல் மாதிரி இறுகும்.

நம்மூரில் அதிகம் கை மாறும் வண்டிகளை எடுத்துக்கொள்வோம். மாருதியின் 1.3 லிட்டர் டீசலில் செயின். அதன் கே சீரிஸ் பெட்ரோல் இன்ஜின்களிலும் செயின். பழைய சான்ட்ரோ ஜிங்கில் பெல்ட். டஸ்டரின் 1.5 டீசலில் பெல்ட். டிராவல்ஸ்காரர்களின் செல்லப்பிள்ளையான பழைய இன்னோவா 2.5 டீசலிலும் பெல்ட்தான். உங்கள் வண்டியில் எது, எத்தனை கிலோமீட்டரில் மாற்றணும் என்பது வண்டிக் கையேட்டில் இருக்கும். கையேடு இல்லையென்றால் கம்பெனி சர்வீஸ் சென்டரில் வண்டி எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். கிலோமீட்டர் மட்டுமல்ல, வருஷக் கணக்கும் உண்டு. ஓடாமல் நின்றாலும் ரப்பர் காய்ந்து வெடிக்கும். ‘கம்மியாதான் ஓடியிருக்கு சார்’ என்று விற்ற பத்து வருஷ வண்டியில் பெல்ட்டுக்கும் பத்து வயசுதான்.

என் கருத்தைக் கேட்டால்: பெல்ட் வண்டி, மாற்றியதற்கு பில் கையில் இல்லை என்றால், வாய்வார்த்தையை நம்பாமல் முதல் வாரமே மாற்றிவிடுங்கள். மாற்றும்போது அதோடு சேர்ந்த டென்ஷனரையும், அந்தப் பெல்ட்டிலேயே ஓடுகிற மாடலாக இருந்தால் வாட்டர் பம்ப்பையும் மாற்றச் சொல்லுங்கள். இரண்டுக்கும் கூலி ஒன்றுதான். சீட் கவர், டச் ஸ்கிரீன், அலாய் வீல் எல்லாம் அடுத்த மாசம் பார்த்துக்கலாம்.

தண்ணீர் பார்த்த வண்டி

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. ஏனென்றால் நாம் இருக்கும் இடம் அப்படி.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. மறுநாள் மாலை நம் மலையில் சரிவு ஏற்பட்டு, வ.உ.சி. நகரில் ஏழு பேரைப் பறிகொடுத்தோம். அதே மழையில், செங்கம் ரோட்டில் நேராகப் போனால் வரும் ஊத்தங்கரையில், பஸ் ஸ்டாண்ட் பக்கம் நிறுத்தியிருந்த வேன்களும் கார்களும் வெள்ளத்தில் பொம்மை மாதிரி உருண்டு போன வீடியோவை நீங்களும் பார்த்திருப்பீர்கள். சாத்தனூர் அணை நிரம்பித் திறந்துவிட்ட தண்ணீர், தென்பெண்ணைக் கரையோரமாக விழுப்புரம், கடலூர் மாவட்டங்கள் வரை ஊர்களுக்குள் புகுந்தது. அதற்கு முந்தைய வருஷம் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் சென்னையும், அதே மாதம் கனமழையில் தூத்துக்குடி, நெல்லையும் மூழ்கின. அதற்கும் முன்னால் 2015.

அந்த வண்டிகளெல்லாம் எங்கே போயின? ரிப்பேர் செலவு, இன்ஷூரன்ஸில் போட்டிருக்கும் வண்டி மதிப்பில் 75 சதவிகிதத்தைத் தாண்டினால், கம்பெனிகள் ‘டோட்டல் லாஸ்’ என்று கணக்கை முடித்துவிடும். அந்த வண்டி ஏலத்துக்குப் போகும். ஏலத்தில் எடுப்பவர் கழற்றி உதிரிபாகமாக விற்கலாம். அல்லது கழுவி, காயவைத்து, சீட் துணி மாற்றி, சென்ட் அடித்து, அடுத்த ஊரில் ‘சிங்கிள் ஓனர், டாக்டர் வண்டி’ என்றும் விற்கலாம். விஷயத்தைச் சொல்லி, விலையைக் குறைத்து விற்றால் அதில் தப்பில்லை. சொல்லாமல் விற்பதுதான் வம்பு. முழுகிய வண்டி முதல் மாசம் நன்றாகவே ஓடும். வயர் இணைப்புகளிலும் கம்ப்யூட்டர் பெட்டியிலும் தங்கிய ஈரம், ஆறு மாசம் கழித்துப் பச்சையாகப் பூத்து, ஒருநாள் பவர் விண்டோ, ஒருநாள் ஸ்டார்ட்டிங், ஒருநாள் ஏ.பி.எஸ் என்று படுத்தும். இடிக்கும் நேரத்தில் ஏர்பேக் விரியுமா என்பதற்கும் உத்தரவாதம் இல்லை.

கண்டுபிடிக்க மெக்கானிக் வேண்டாம், மொபைல் டார்ச் போதும். முதலில் சீட் பெல்ட்டை முழுக்க, கடைசிவரை இழுங்கள். வெளியே தெரியும் பாகத்தை எல்லோரும் கழுவுவார்கள்; உள்ளே சுருண்டிருக்கும் கடைசி ஒரு அடியை யாரும் கழுவுவதில்லை. அங்கே சேற்றுக் கறை, தண்ணீர் நின்ற கோடு இருந்தால் விஷயம் முடிந்தது. பிறகு டிக்கியில் ஸ்டெப்னியைத் தூக்கிவிட்டு அந்தக் குழியில் வண்டல் படிந்திருக்கிறதா, கதவோரத்தில் கார்பெட்டைக் கொஞ்சம் தூக்கினால் அடியில் மண் இருக்கிறதா, சீட்டைத் தாங்கும் தண்டவாளத்திலும் போல்ட்டிலும் துரு இருக்கிறதா என்று பாருங்கள். பழைய வண்டியின் அடிப்பாகத்தில் துரு இருக்கலாம். ஸ்டியரிங்குக்குக் கீழே, பெடல் தாங்கியில் துரு இருக்க நியாயமே இல்லை. எல்லாம் முடிந்து கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, ஏ.சி. போடாமல் வெயிலில் ஒரு மணி நேரம் வண்டியை நிறுத்துங்கள். கதவைத் திறந்ததும் மக்கிய சாக்கு வாசனை அடித்தால், எந்த சென்ட்டாலும் அதை மறைக்க முடியாது.

மொபைலில் ஒரு ஸ்கேன்

2013-க்குப் பிறகு தயாரான கார் என்றால், ஸ்டியரிங்குக்குக் கீழே ஓ.பி.டி. சாக்கெட் இருக்கும். அதில் சொருகும் ப்ளூடூத் கருவி ஆன்லைனில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. மொபைல் ஆப்பில் இணைத்தால், வண்டியின் கம்ப்யூட்டர் பதிவு செய்து வைத்திருக்கும் கோளாறு எண்களைப் படிக்கலாம். ‘கோளாறு எதுவும் இல்லை’ என்று வந்ததும் சந்தோஷப்பட்டு மூடிவிடாதீங்க. விற்பதற்கு முன் அழித்திருக்கலாம். அதே ஆப்பில் ‘ரெடினெஸ்’ என்று ஒரு பக்கம் இருக்கும். கம்ப்யூட்டர் தன் சோதனைகளை முடித்ததா என்று அது சொல்லும். கோளாறுகளை அழிக்கும்போது இந்தச் சோதனைகளும் பூஜ்யத்திலிருந்து மறுபடி ஆரம்பிக்கும். கோளாறு ஒன்றும் இல்லை, ஆனால் நிறைய சோதனை ‘முடியவில்லை’ என்று காட்டினால், சமீபத்தில் யாரோ அழித்திருக்கலாம். பேட்டரியைக் கழற்றி மாட்டியிருந்தாலும் அப்படிக் காட்டும். நாலைந்து நாள் ஓட்டிவிட்டுத் திரும்ப ஸ்கேன் செய்யுங்கள். ஒளித்து வைத்தது திரும்பி வரும்.

பானட்டுக்குள் இருக்கும்போதே வயர்களில் எலி கடித்த தடம் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். ரமணாசிரமம் பக்கம் வீடு என்றால் குரங்கு விஷயம் உங்களுக்கே தெரியும். வைப்பர் ரப்பர் ஒரு ஜோடி கூடுதலாக வாங்கி வைப்பது நல்லது.

டயரும் பிரேக்கும்

டயர் பக்கவாட்டில் நாலு இலக்க எண் ஒன்று இருக்கும். 2319 என்றால் 2019-ம் வருஷத்தின் 23-வது வாரத்தில் தயாரானது. பட்டன் நன்றாகத் தெரிந்தாலும், ஆறேழு வருஷமான டயரில் நான் குடும்பத்தை ஏற்ற மாட்டேன். பள்ளத்தின் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் சட்டப்படியே ஓட்டக் கூடாது. ஒரு ஓரம் மட்டும் தேய்ந்திருந்தால் அலைன்மென்ட்டோ சஸ்பென்ஷனோ கோளாறு. அலைன்மென்ட் கடையில் வண்டியைத் தூக்கும்போது கூடவே நின்று, லோயர் ஆர்ம் புஷ், பால் ஜாயின்ட், ஷாக் அப்சார்பர் கசிவு, ஆக்ஸில் ரப்பர் பூட் கிழிசல் நாலையும் டார்ச் அடித்துக் காட்டச் சொல்லுங்கள். அதே சமயம் சக்கரத்தைக் கழற்றி பிரேக் பேடையும் பார்த்துவிடலாம்.

பிரேக் ஆயிலை மட்டும், நிறம் எப்படி இருந்தாலும் மாற்றிவிடச் சொல்வேன். அது காற்றிலிருக்கும் ஈரத்தை மெல்ல மெல்ல உறிஞ்சும். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றணும். நம்மூரில் பத்து வருஷமாக மாற்றாத வண்டிகள் ஓடுகின்றன. ஊருக்குள் ஓட்டும்போது ஒன்றும் தெரியாது. மலையிறக்கத்தில் பிரேக்கை விடாமல் மிதிக்கும்போது சூட்டில் அந்த ஈரம் ஆவியாகும், பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும். வண்டி நிற்காது.

எங்கே ஓட்டிப் பார்ப்பது?

கிரிவலப் பாதையில் வேண்டாம். 14 கிலோமீட்டர் நல்ல ரோடுதான், ஆனால் எந்நேரமும் யாராவது வெறுங்காலில் நடந்துகொண்டிருப்பார்கள். தெரியாத பிரேக்கை அங்கே சோதிக்கக் கூடாது. காலை ஆறு மணிக்கு வேட்டவலம் ரோடு, அவலூர்பேட்டை ரோடு பக்கம் போங்கள். பாட்டை நிறுத்துங்கள், கண்ணாடியை இறக்குங்கள்.

பின்னால் யாரும் வராதபோது 40 வேகத்தில் பிரேக்கை அழுத்திப் பாருங்கள்; வண்டி ஒரு பக்கம் இழுக்கக் கூடாது, ஸ்டியரிங் உதறக் கூடாது. ஆளில்லாத இடத்தில் ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து மெதுவாக வட்டமடியுங்கள். ‘கட கட’ என்று சத்தம் வந்தால் ஆக்ஸில் ஜாயின்ட் தேய்ந்திருக்கிறது. கிளட்ச்சுக்கு ஒரு எளிய சோதனை: நாலாவது கியரில் 40-ல் போகும்போது ஆக்ஸிலேட்டரை முழுக்க மிதியுங்கள். இன்ஜின் சத்தம் மட்டும் ஏறி, வேகம் ஏறவில்லை என்றால் கிளட்ச் வழுக்குகிறது. உள்ளூர் வண்டி வாங்கியவர்கள் இதைக் கட்டாயம் செய்யணும். தீபத்துக்கும் சித்ரா பௌர்ணமிக்கும் ஊர்ந்து ஊர்ந்து அரை கிளட்ச்சிலேயே காலத்தை ஓட்டிய வண்டியாக இருக்கலாம், அதுவும் முன்பு டிராவல்ஸில் ஓடியிருந்தால் கேட்கவே வேண்டாம்.

வீட்டுக்கு வந்ததும் இன்ஜினை அணைக்காதீங்க. ஏ.சி-யைப் போட்டு இருபது நிமிஷம் அப்படியே ஓடவிடுங்கள். டெம்பரேச்சர் முள் நடுவில் நிற்கிறதா, ரேடியேட்டர் ஃபேன் தானாக ஓடி ஓடி நிற்கிறதா என்று பாருங்கள். என் நண்பர் இந்த இருபது நிமிஷத்தைச் செலவழித்திருந்தால், ஆவி வந்திருந்தாலும் அது வீட்டு வாசலிலேயே வந்திருக்கும்.

கடைசியாக, வீட்டுக்குள் உட்கார்ந்தே செய்கிற வேலை இரண்டு. ஆர்.சி-யில் இருக்கும் சேசிஸ் எண்ணும் இன்ஜின் எண்ணும் வண்டியில் பொறித்திருப்பதோடு பொருந்துகிறதா என்று பாருங்கள். அப்படியே அந்த சேசிஸ் எண்ணைத் தயாரிப்பு நிறுவனத்தின் வெப்சைட்டில் போட்டு, ரீகால் ஏதாவது நிலுவையில் இருக்கிறதா என்றும் தேடுங்கள். தகாட்டா ஏர்பேக் பிரச்னையில் ஹோண்டா நிறுவனம் இந்தியாவிலும் லட்சக்கணக்கான கார்களைத் திரும்ப அழைத்தது. இந்த மாதிரி ரீகால் வேலையை நீங்கள் இரண்டாவது ஓனராக இருந்தாலும் இலவசமாகச் செய்து தருவார்கள். பெயர் மாற்ற விண்ணப்பத்துக்கு 30 நாள், இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குத் தெரிவிக்க 14 நாள் என்பதையும் காலண்டரில் குறித்து வையுங்கள்.

இத்தனையும் பார்த்து, ஆயில், ஆயில் ஃபில்டர், ஏர் ஃபில்டர், கூலன்ட், பிரேக் ஆயில் எல்லாம் மாற்றியாச்சா? அன்றைய ஓடோமீட்டர் எண்ணை ஒரு நோட்டில் எழுதிவிட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை போளூர் வழியாக ஜவ்வாது மலையேறி ஜமுனாமரத்தூர் வரை போய் வாருங்கள். முதல் தடவை ஒரு நண்பரோடு மட்டும் போங்க, குடும்பம் அடுத்த தடவை வரட்டும். ஏறும்போது டெம்பரேச்சர் முள்ளையும், இறங்கும்போது பிரேக் பெடலையும் கவனியுங்கள். இறக்கத்தில் ரெண்டாவது கியரிலேயே வாருங்கள்.

திரும்பி வந்ததும், மறக்காமல் அதே அட்டையை மறுபடி இன்ஜினுக்குக் கீழே விரித்துவிட்டுப் படுங்கள்.